கமலாவுக்கு, பந்தயக் கணக்கு பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி சட்டக் கல்லூரியில் சேர்ந்ததற்கு என் ஆசிகளைச் சொல். இங்கே எல்லோரும் நலம். மருமகள் வேலை மாறியிருக்கிறாள். பேரன் என்னோடு தமிழிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான்.

கிண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து ரேஸ் கோர்ஸுக்கு முத்திரை வைத்த செய்தியை இங்கிருந்தே படித்தேன். "உன் ஊரில் இந்தப் பந்தயத்தையெல்லாம் எப்படிக் கட்டி மேய்க்கிறார்கள்?" என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறாய். பந்தய வரிக் கோப்புகளுக்கு நடுவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளிடம் இப்படிக் கேட்கலாமா? இனி நீ தப்ப முடியாது, காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

நம் ஊர்க் கதை உனக்கே தெரியும். 1974-ல் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-ல் பந்தயம் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியில் இருபது வருடத்துக்கு மேல் போயிற்று. நான் இப்போது இருக்கும் ஊர்க்காரர்கள், அதாவது அமெரிக்காவின் ஃபுளோரிடாக்காரர்கள், அந்தக் கேள்விக்காகத் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. "இதில் எங்களுக்கு எவ்வளவு?" என்று நேராகக் கேட்டார்கள்.

கேட்ட வருடம் 1931. அதற்குச் சில வருடம் முன்புதான் நில வியாபாரம் சரிந்து, 1926-ல் பெரும் புயல் வேறு வந்து மயாமியைப் புரட்டிப் போட்டிருந்தது. கஜானா காலி. பந்தயத்தில் பணம் கட்ட அனுமதித்து அதில் வரி எடுக்கும் மசோதாவை ஆளுநர் டாயில் கார்ல்டன் தன் அதிகாரத்தால் நிராகரித்தார் (இங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வருபவர்). சட்டமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. பந்தயத் திடல்கள் இருந்தது ஓரிரு இடங்களில்தான். மற்ற ஊர்க்காரர்கள், அதிலும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் கிராமத்து ஆட்கள், எதற்காக இதற்கு ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? வரும் வரியை மாநிலத்தின் 67 கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டங்கள் மாதிரி) சமமாகப் பங்கிடுவது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மயாமியில் ஓடும் குதிரையின் காசு, ஆயிரம் பேர்கூட ஓட்டுப் போடாத கவுண்டிக்கும் அதே அளவு போய்ச் சேரும். எவ்வளவு புத்திசாலித்தனமான வரி விதி! நம் பழைய மேலதிகாரி இதைப் பார்த்திருந்தால் சுற்றறிக்கையாகவே அடித்து அனுப்பியிருப்பார்.

1935-ல் ஹைலை ஆட்டத்துக்கும் அதே அனுமதி கிடைத்தது. அதே 1935-ல்தான் மதராஸ் பந்தய வரிச் சட்டமும் வந்தது என்பதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஹைலை என்பது ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்களின் பந்தாட்டம். மூன்று பக்கம் சுவரும் நான்காவது பக்கம் பார்வையாளர்களும் இருக்கும் நீளமான அரங்கு. ஆடுபவர் வலக்கையில் வளைந்த பிரம்புக் கூடை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஆட்டுத்தோல் போர்த்த கெட்டிப் பந்தைப் பிடித்த வேகத்திலேயே சுவரில் வீசுவார். 1979-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒருவர் வீசிய பந்து மணிக்கு 302 கிலோமீட்டர் போயிருக்கிறது. மயாமிக்கு வடக்கே இருக்கும் டேனியா அரங்கில் முதல் வரிசைக் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்தும் நான் இரண்டு முறை தலையைக் குனிந்தேன்.

அங்கே ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பாஸ்க் ஊர்களில் இதை இரண்டு அணிகள் நின்று நிதானமாக 35, 40 புள்ளி வரை ஆடுவார்கள். ஃபுளோரிடாவில் அப்படி ஆடினால் மாலை முழுவதும் ஒரே ஒரு பந்தயம்தான் நடக்கும், கல்லாவில் காசு விழாது. அதனால் ஆட்டத்தையே குதிரைப் பந்தயமாக மாற்றிவிட்டார்கள். எட்டு ஆட்டக்காரர்கள் அல்லது எட்டு ஜோடிகள், ஒன்று முதல் எட்டு வரை எண். ஒன்றும் இரண்டும் முதலில் மோத வேண்டும். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக, ஜெயித்தவர் நின்று அடுத்தவரோடு ஆடுவார். முதல் சுற்றில் வெற்றிக்கு ஒரு புள்ளி, அதன் பிறகு இரண்டு. யார் முதலில் ஏழு எடுக்கிறாரோ அவருக்கு ஆட்டம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், உடனே அடுத்த டிக்கெட். ஒன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் எப்போதும் கொஞ்சம் சாதகமானவை, ஏனென்றால் தோற்றாலும் அவர்களுக்குத் திரும்ப வாய்ப்பு வர நேரம் இருக்கும். ஆடுபவரின் திறமையைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கட்டும் கிழவர்கள் என் பக்கத்திலேயே இருந்தார்கள்.

பணம் புரளும் வழி நம் டோட் (ரேஸ் கோர்ஸே எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை) மாதிரிதான். கிண்டியில் உரிமம் பெற்ற புக்கிகளும் இருந்தார்கள். இங்கே புக்கி வைத்தால் சிறை. எல்லோரும் கட்டும் பணம் ஒரே பானையில் விழும். சீட்டுக் கம்பெனிக்காரர் முதலில் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏலத்துக்கு விடுவது போல, பானையிலிருந்து அரங்குக்காரரும் அரசும் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்வார்கள். பந்தய வகையைப் பொறுத்து அது 15 முதல் 25 சதவீதம் வரை போகும். மிச்சம் ஜெயித்தவர்களுக்கு. அதிலும் சில்லறையைக் கீழ்நோக்கி முழுமையாக்கி, அந்த உதிரிக் காசையும் விடமாட்டார்கள். யார் ஜெயித்தாலும் அரசுக்கு ஒன்றுதான். எவ்வளவு பணம் கட்டப்படுகிறது என்பதில்தான் அதன் அக்கறையெல்லாம். இங்கே அரசு நடுவராக மட்டும் நிற்கவில்லை, பங்காளியாகவும் உட்கார்ந்திருக்கிறது. இதை மறந்துவிட்டால் ஃபுளோரிடாவின் சட்டம் ஒன்றும் புரியாது.

நடுவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பந்தயம் நடக்கும் ஒவ்வொரு ஹைலை ஆட்டத்திலும் தலைமை நடுவர் இருந்தே ஆக வேண்டும், அவருக்கு ஆட்டத்தின் விதிகள் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும், அவர் சொன்னதே முடிவு என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. பணம் கட்ட 18 வயது, காசு போட்டு அதிர்ஷ்டம் பார்க்கும் ஸ்லாட் இயந்திரத்துக்கு 21.

ஆனால் கணக்கு பார்ப்பவரின் கண் எங்கே போகிறதோ, திருடன் அதற்கு வேறு பக்கம் போவான் என்பது நமக்குத் தெரியாததா? வேர்ல்ட் ஹைலை என்ற நிறுவனம் ஃபுளோரிடாவிலும் கனெக்டிகட்டிலும் அரங்குகள் நடத்தியது. ரோஜர் வீலர் என்ற தொழிலதிபர் 1978-ல் அதை வாங்கினார். வருமானம் எங்கோ கசிகிறது என்று சந்தேகப்பட்டுக் கணக்கைத் தோண்ட ஆரம்பித்தார். கசிவு டிக்கெட் கவுன்டரில் இல்லை, வண்டி நிறுத்துமிடம், சிற்றுண்டிக் கடை போன்ற இடங்களில்தான் என்று பேச்சு. 1981 மே மாதம் டல்சா நகரில் கோல்ஃப் ஆடிவிட்டுக் காரில் ஏறும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம், அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜான் காலஹனின் உடல் மயாமி விமான நிலையத்தில் ஒரு காரின் டிக்கியில் கிடைத்தது. இரண்டுக்கும் பின்னால் பாஸ்டன் நகரத்து ரவுடிக் கும்பல். நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி! அவர் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணைக்கு முன்பே 2004-ல் இறந்துபோனார். கும்பல் தலைவன் வைட்டி பல்ஜருக்கு 2013-ல்தான் தண்டனை. மாநிலத்தின் இயந்திரம் டிக்கெட்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே இவ்வளவும் நடந்திருக்கிறது.

1975 டிசம்பரில் ஒரே இரவில் மயாமி அரங்கில் 15,502 பேர் கூடினார்களாம். அந்தக் கூட்டத்தைக் கரைத்ததில் அரசின் கையும் உண்டு. 1988 ஜனவரியில் மாநில லாட்டரி வந்தது. அதே வருடம் ஏப்ரலில் ஹைலை ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று வருடம் நீடித்தது. பிறகு பழங்குடியினரின் சூதாட்டக் கூடங்கள். படுத்துவிட்ட பந்தய அரங்குகளைத் தூக்கிவிட 1990-களில் சீட்டாட்ட அறைகளுக்கும், 2006 முதல் மயாமி பக்கத்தில் ஸ்லாட் இயந்திரங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான், வருடத்தில் இத்தனை ஆட்டங்கள் நேரில் நடத்தியாக வேண்டும்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். பார்க்க ஆளே இல்லாமல் பந்து வீசினார்கள், பக்கத்து ஹாலில் இயந்திரங்கள் காசைக் கொட்டின. கிரெட்னா என்ற சின்ன ஊரில் 2011-ல், பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் கிராமத்து விளையாட்டையே பந்தயம் என்று காட்டி உரிமத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். நிர்வாக நீதிபதி அது செல்லாது என்றார். மயாமியில் நாய்ப் பந்தயம் நடத்திய ஒரு அரங்கு, 2018-ல் நாய்களைக் கைவிட்டு, பல்கலைக்கழகத்தின் முன்னாள் விளையாட்டு வீரர்களைப் பிடித்து ஹைலை கற்றுக்கொடுத்தது. அதே 2018-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நாய்ப் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் ஹைலைக்கான கட்டாயத்தையும் சட்டம் எடுத்துவிட்டது. இப்போது ஆடலாம், ஆடாமலும் இருக்கலாம், இயந்திரம் பாட்டுக்கு ஓடும். மேற்பார்வையைப் புதிய சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. கட்டாயம் போலித்தனமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போலித்தனத்தின் சம்பளத்தில்தான் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் வீட்டு வாடகை கட்டினார்கள். என்னால் அந்தக் கட்டாயத்தை வெறுக்க முடியவில்லை.

குதிரைகளில் தரோபிரெட் என்ற உயர்ரகப் பந்தயக் குதிரைகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் கட்டாயத்தை விட்டுவைத்தது. அதையும் எடுக்க 2025-ல் மசோதா வந்தது. குதிரை வளர்ப்பவர்கள் கூட்டமாகத் திரண்டு வந்து எதிர்த்தார்கள், நிறைவேறவில்லை.

நம் பக்கம் வேறு வழியில் அடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக வந்து, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. அதுவும் கிளப் எடுக்கும் கமிஷன் மேல் மட்டும் அல்ல, கட்டும் பணம் முழுவதன் மேலும். கவுன்டரில் நூறு ரூபாய் கட்டுபவனுக்கு இது கட்டுபடியாகுமா? அவன் தெருமுனையில் போனில் பேசும் புக்கியிடம் போவான். அங்கே வரியும் இல்லை, ரசீதும் இல்லை. நாம் எழுதிவைத்த குறிப்புகளை யாராவது படித்தார்களா என்றே சந்தேகம்.

டேனியாவில் நானும் இரண்டு டாலர் கட்டினேன், இரண்டாம் எண்ணுக்கு. தோற்றேன். மகன் கேலி செய்தான். பானையிலிருந்து போன வரியில் என் பங்கு எத்தனை சென்ட் என்று அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மார்ச்சில் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேண்டியதைப் பட்டியல் போட்டு எழுது. முழங்காலுக்கு அந்த நீலநிறத் தைலம் இன்னும் தேவையா என்று மறக்காமல் சொல்.

உன்,
ராஜேஸ்வரி