இரைச்சலை எடுக்க வேண்டாம், பாப்பா

சுங்கை சிப்புட்
மலேசியா, ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அம்மா இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினாள். மெல்பர்னில் பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்றைப் பிடித்துவிட்டாய். இரைச்சலை எல்லாம் துடைத்துப் பாட்டை மட்டும் பளிச்சென்று எடுத்துக் கொடுப்பார்களாம். நல்ல காரியம்தான். பதிலைப் போனில் தட்டலாம் என்று உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் விரல் ஓடவில்லை. விஷயம் கொஞ்சம் நீளம், அதனால் கடிதம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் இருந்தவை 62. அதில் 18-இல் பூஞ்சணம் பிடித்து நாடாவே வெளுத்துக் கிடக்கிறது. நம் ஊர் ஈரத்துக்குத் தோல் செருப்பே பூத்துப்போகும், நாடா எம்மாத்திரம்? இன்னும் சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பளித் துண்டு, துவரம்பருப்பு அளவு இருக்குமே, அது உதிர்ந்துவிட்டது. மீதி எல்லாம் பட்டணத்துக் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, காசு கொடுத்துப் பதிந்தவை. அதே பாட்டுகள் இப்போது உன் போனிலேயே கிடைக்கும். அவற்றை அங்கே சுமந்துவந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றே ஒன்றைத்தான் அனுப்புகிறேன். டி.டி.கே. 90. மேலே நீல மையில் 'சீர்காழி 88' என்று எழுதியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. நீ கேட்டதில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோயில் திருவிழாவுக்கு மறுநாள், காலையில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அந்தப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துத் திடலில் 'கர்ணன்' போட்டார்கள். அந்தப் படம் வந்தது 1964 பொங்கலுக்கு. எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி, லோரியில் வந்த பதினாறு எம்.எம். புரொஜெக்டர். ஒரு ரீல் முக்கால் மணி நேரம்கூட ஓடாது. மாற்றுகிற நேரமெல்லாம் கச்சாங் பூத்தே, அதுதான் வறுத்த கடலை, விற்பவருக்குக் கொண்டாட்டம்.

தாத்தா அன்றைக்கு இரண்டாம் வேலையாக, மரத்தில் உறைந்து ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போயிருந்தார். வந்து, குளித்து, என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் முன்பக்கத்தில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் இல்லை. திரைக்குப் பின்னால் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். துணிதானே, படம் அந்தப் பக்கமும் தெரியும். இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். பெயர் போடும் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஓடியது. சிவாஜி வந்தார், தானம் கொடுத்தார். இடக்கையால் கொடுத்தார்!

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா, எடக் கையால குடுக்கறாரு?" என்று கேட்டேன். திரை மாறியிருப்பதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தாத்தா அப்படிச் சொல்பவரா? கர்ணன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்திருந்தபோது கண்ணன் வந்து பொன் கிண்ணத்தைக் கேட்டாராம். கிண்ணம் இடக்கையில் இருந்தது. வலக்கைக்கு மாற்றுகிற நேரத்தில் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று அப்படியே நீட்டிவிட்டானாம். கதையை முடித்துவிட்டு, "அதான் எடக் கை" என்றார். ஊரெல்லாம் சொல்லும் கதைதான். ஆனால் நான் நம்பினேன் பார், முழுசாக நம்பினேன். 2012-இல் அந்தப் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டார்களே, அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது வண்ணமெல்லாம் கண்ணைப் பறித்தது. கர்ணன் வலக்கையால் கொடுத்தான். எனக்கு என்னவோ ஏமாந்தது போல் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வலது கையால குடுத்தா குத்தமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தாத்தா எம்.ஜி.ஆர். ஆள், அது உனக்குத் தெரியும். சிவாஜி படம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு வந்தது எனக்காக. தோட்டத்து வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எங்கள் வரிசை எம்.ஜி.ஆர்., எதிர் வரிசை சிவாஜி. குழாயடியில் அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டு பேருக்கும் தொண்டை ஒன்றுதான். 1954-இல் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார் டி.எம்.எஸ். அதே வருடம் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் பாடினார். ஒரு மதுரைக்காரர் இரண்டு குரலில் பாட, சுங்கை சிப்புட்டில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

1988 மார்ச்சில் சீர்காழி கோவிந்தராஜன் காலமானார். ஒரு பாடகர் போனால் அடுத்த சில நாளுக்கு வானொலியில் அவர் பாட்டுத்தான். (2013-இல் சித்திரைப் புத்தாண்டன்று பி.பி.ஸ்ரீநிவாஸ், மூன்று நாள் கழித்து இசையமைப்பாளர் ராமமூர்த்தி, மே மாதத்தில் டி.எம்.எஸ். அந்த வருடம் அம்மா மின்னல் எஃப்எம்மைத் திறக்கவே பயந்தாள்.) 'கர்ணன்' கடைசியில், கர்ணன் அம்பு பட்டுச் சாய்ந்து கிடக்கும்போது கண்ணன் பாடுவதாக வருமே, அது சீர்காழி பாடியது. அதைப் போடப்போகிறார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னதும் நான் துள்ளி எழுந்தேன். நம்மிடம் அப்போது ரேடியோ தனி, டேப் தனி. ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்து, சிவப்புப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். பாட்டு முடியும் வரை வீட்டில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. உனக்கு நாலு வயது. உத்தரவாவது ஒன்றாவது.

முதல் சரணம் முடிவதற்குள் "அப்பா, மழ!" என்று நீ கத்துகிறாய். உடனே தகரக் கூரையில் சடசடவென்று. அடுப்படியிலிருந்து அம்மா: "கொடியில துணி கெடக்கு. பாட்டு எங்கயும் ஓடிறாது, போய் எடுங்க!" என் காலடி, கதவு, நீ பின்னாலேயே ஓடி வருகிற சத்தம். போன வாரம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அது தன் குரலே இல்லை என்கிறாள். "நான் எப்ப இப்படிக் கத்தினேன்?" என்று அதே சுருதியில் கத்தினாள்.

பதிவு பாழாகிவிட்டது என்று அன்றைக்கு உன்னை நன்றாகத் திட்டினேன். நீ மூலையில் உட்கார்ந்து அழுதாய். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. அதற்கப்புறம் அந்த கேசட்டை நான் தொடவே இல்லை. 1991-இல் தாத்தா போனார். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய ஒரு ராத்திரி ஏதோ தோன்றி எடுத்துப் போட்டேன்.

நாம் எல்லோரும் துணி எடுக்க ஓடிய பிறகு வீட்டுக்குள் தாத்தா மட்டும் இருந்திருக்கிறார். டேப் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் இருமல், மூன்று தடவை. அந்தச் சுருட்டு இருமலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு செருமல். அப்புறம், மழைச் சத்தத்துக்கு அடியில், சீர்காழியோடு சேர்ந்து மெதுவாக முனகுகிறார். சுருதி சேரவில்லை. வார்த்தையும் சரியாகத் தெரியவில்லை, அங்கங்கே 'ம்ம்' போட்டு நிரப்புகிறார். சிவாஜி படப் பாட்டு! நாம் திரும்பி வரும் காலடி கேட்டதும் நிறுத்திவிட்டார்.

தாத்தாவின் படம் என்று நம்மிடம் இருப்பது ஐ.சி.யில், அடையாள அட்டையில், உள்ள அந்தச் சின்னப் படம் ஒன்றுதான். குரல் என்று இருப்பது இது ஒன்று.

அதனால்தான் சொல்கிறேன். இரைச்சலை எடுக்கும் அந்த மிஷினுக்குத் தாத்தாவின் இருமல் எது, மழை எது என்றா தெரியப்போகிறது? பாட்டைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில்தான் பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. 'கர்ண'னுக்கு இசையமைத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அப்படி எத்தனை தடவை திரும்ப எடுத்திருப்பார்களோ. நம் வீட்டுப் பதிவை எப்படித் திரும்ப எடுப்பது?

கடைக்காரரிடம் தெளிவாகச் சொல். உள்ளது உள்ளபடி ஒரு பிரதி. நாடா இழுக்கிற 'உஸ்' சத்தம் உட்பட எதையும் தொடக்கூடாது. துடைத்த பிரதி ஒன்று உனக்கு வேண்டுமென்றால் தனியாக எடுத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பேரனுக்கு மட்டும் முதலில் துடைக்காததைப் போட்டுக் காட்டு. நடுவில் கத்துகிற பாப்பா யார் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்.

சின்னம்மா மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டிக்குள் போட வேண்டாம், கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா முறுக்கு டின்னோடு சேர்த்துக் கட்டப் பார்த்தாள், எண்ணெய் பட்டுவிடும் என்று பிடுங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டு பி பக்கத்தில் ஐந்தாவது. நாடா கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, போடுவதற்கு முன் சுற்றி இறுக்க வேண்டும். கேசட்டோடு பென்சில் ஒன்றும் வைத்திருக்கிறேன். அந்தக் கடையில் பெரிய பெரிய மிஷின் இருக்கும், பென்சில் இருக்குமா தெரியாது.

அன்புடன்,
அப்பா