ஆட்டுக்கு வேலி போட்டால் காடு

கன்னமல்லா, குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? மரமே நடாமல் காடு வளர்க்க எவன் காசு கொடுப்பான் என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும். மழை, ராமநாதபுரத்தில் பெய்வதில் பாதிகூட வராது. இந்தச் சீமைக்கென்றே இருக்கிற மரம் மல்கா, நம் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். கிளைகள் புனல் மாதிரி மேல்நோக்கி விரிந்திருக்கும். போன வாரம் மழை தூறியபோது கிட்டப் போய்ப் பார்த்தேன். இலையில் விழுந்த தண்ணீர் கிளை வழியே இறங்கி, அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வேருக்குப் போகிறது. நாலு முழம் தள்ளி மண் ஈரமே காணவில்லை.

பஞ்ச காலத்தில் இந்த மரத்தை இயந்திரத்தால் சாய்த்து ஆடு மாடுகளுக்குத் தீனியாகப் போடுவார்கள். விதை மண்ணிலேயே கிடக்கிறது, முளைத்தால் ஆடு விடுவதில்லை. சாய்ப்பதை நிறுத்தி மேய்ச்சலைக் குறைத்தால் காடு தானாக வரும் என்பது கணக்கு. மரங்கள் இழுத்து வைக்கும் கரியமில வாயுவில் டன்னுக்கு ஒரு சான்று அரசாங்கம் கொடுக்கும், பண்ணைக்காரர் அதை விற்கலாம். ஆனால் 25 வருஷமோ 100 வருஷமோ அந்தக் காட்டைக் காப்பாற்றியாக வேண்டும்.

என் வேலை அளப்பது. மரம் 2 மீட்டர் உயர்ந்து, அதன் தழை நிலத்தில் 20 சதவீதத்தை மூடினால்தான் இவர்கள் கணக்கில் காடு.

அப்புறம் காட்டாடுகள். ஆளில்லாமல் கூட்டம் கூட்டமாகத் திரியும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வேலி கட்டி, உள்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கும் கதவு வைக்கிறார்கள். குடிக்கப் போனது திரும்ப முடியாது. அப்படியே லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கிடாக்களைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரியும்!

இதில் சண்டையும் உண்டு. விதிகளை மேற்பார்த்த குழுவுக்கே ஒரு காலத்தில் தலைவராக இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ், மேய்ச்சலைக் குறைக்காமலே மழையால் வளர்ந்திருக்கும் மரத்துக்கும் காசு போகிறது என்று 2022-ல் போட்டு உடைத்தார். 2023 செப்டம்பரோடு இந்த முறையில் புதிய திட்டங்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது, பழையவை ஓடுகின்றன. நான் பார்த்த வரையில், ஒரு பண்ணையில் வேலிக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயர மரக்கன்றுகள், அந்தப் பக்கம் மொட்டை. இன்னொரு பண்ணையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அங்கே மழைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

பணம் அனுப்பியிருக்கிறேன். ஐப்பசிக்குள் ஆட்டுக்கொட்டகைக் கூரையை மாற்றிவிடுங்கள். அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்