மூலப் படத்தை எடுத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் அகப்படும் படங்களை வெட்டி ஒட்டி உருவாக்கும் டிஜிட்டல் கலையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, படத்தைப் போதிய அளவு மாற்றிவிட்டால் அதை எடுத்தவருக்கு உரிமை கோர இடமில்லை என்று சொல்லியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களால் இதை ஏற்க இயலாது.

இசைக்கலைஞர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த நிழற்படத்தை, ஓவியம் வரைவதற்கு ஆதாரமாக ஒரே ஒரு முறை பயன்படுத்திக்கொள்வதாகக் கூறி, 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் 400 டாலருக்குப் பெற்றது. ஓவியர் ஆன்டி வார்ஹோலோ அதைக் கொண்டு 16 படங்களை உருவாக்கிவிட்டார். 2016இல் பிரின்ஸ் மறைந்தபோது, அவற்றில் ஒன்றை அட்டையில் வெளியிடுவதற்காகப் பத்திரிகை நிறுவனம் வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,250 டாலர் தந்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் கிடைக்கவில்லை, அவர் பெயரும் அச்சாகவில்லை.

இதனால் எழுந்த வழக்கில் ஏழு நீதிபதிகள் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் நின்றார்கள். வார்ஹோலின் வண்ணங்கள் புதியவையா என்பதைவிட, பிரின்ஸைப் பற்றிய செய்திக்குப் படம் தருவது என்ற அதே வேலைக்கு, அதே சந்தையில், இரண்டும் விற்கப்பட்டன என்பதே அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. இத்தகைய தீர்ப்பு படைப்பூக்கத்தை முடக்கும் என்று மாறுபட்டு எழுதிய நீதிபதி எலினா கேகனின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், அருங்காட்சியகச் சுவரில் ஓவியம் தொங்குவதைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை; பத்திரிகைக்கு உரிமம் விற்றதை மட்டுமே எடுத்துக்கொண்டது.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், மாற்றியமைத்தால் போதும் என்ற பொதுவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. மேலும், பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும், படைத்தவர் தாமே என்று கோரும் உரிமையை அதன் 57ஆம் பிரிவு அவருக்கு விட்டுவைக்கிறது. கட்டுரையாளர் இதைத் தொடாமல் போனது வியப்பளிக்கிறது.

மூலப்படங்களுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி, எடுத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நிழற்படங்களும் பொதுவுடைமையே.

கட்டுரையுடன் அச்சான டிஜிட்டல் படத்தின் கீழே ஓவியரின் பெயர் இருந்தது. அதில் தெரியும் மீனவப் பெண்ணை நிழற்படம் எடுத்தவர் யார் என்ற குறிப்பு இல்லை. அதை ஓவியரிடம் கேட்டு அடுத்த இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.