பென்சில் குட்டிப் பேனா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கப் பெட்டியில், 'பென் என்பதிலிருந்து வந்ததே பென்சில். குட்டிப் பேனா என்று பொருள்' என்று ஒரு வரி. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைக் காலை வழிபாட்டில் வாசித்துக் கைதட்டலும் வாங்கி வந்துவிட்டாள். தப்பு என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்கிறாள். 31 வருடம் பேனாவும் பென்சிலும் விற்றவன் பேச்சு எடுபடவில்லை.

'பென்', லத்தீனில் இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்து வந்தது. இறகைச் சீவி எழுதிய காலத்துப் பெயர். பென்சிலின் வேர் 'பெனிசில்லஸ்', அதாவது சின்ன வால். மெல்லிய தூரிகைக்கு அந்தப் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பென்சில் என்றால் ஓவியரின் தூரிகைதான். பெனிசிலின் தரும் பூஞ்சைக்கும், தூரிகை போலத் தெரிவதால், அதே வேரில்தான் பெயர் வைத்தார்கள். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. பக்கத்தைப் பார்க்க நேரமிருந்திருக்காது.

நேரமில்லாமல் போவது இது முதல் தடவையும் அல்ல. நான் கடை வைத்திருந்தபோது, பென்சிலுக்குள் ஈயம் இருப்பதாக இதே பக்கத்தில் போட்டீர்கள். மறுநாள் ஷட்டரைத் தூக்குவதற்குள் ஓர் அம்மா வந்து நின்றார். பையன் பென்சில் முனையைக் கடித்து விழுங்கிவிட்டானாம், பிள்ளைகளுக்கு ஈயத்தை விற்கலாமா என்று தெருவே கூடும்படி சத்தம். பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் பொருள் இங்கிலாந்தின் பாரோடேலில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்தபோது ஒருவகை ஈயம் என்று நினைத்தார்கள், சரி. 1779இல் வேதியியலாளர் ஷீலே அது கார்பன்தான் என்று காட்டிவிட்டார். 1789இல் கனிமவியலாளர் வெர்னர், 'எழுது' என்ற கிரேக்கச் சொல்லை வைத்து கிராஃபைட் என்று பெயரும் சூட்டிவிட்டார். இருநூறு வருடம் தாண்டியும் தங்கள் அலுவலகத்துக்குச் சேதி வந்து சேரவில்லை. அன்றும் எழுதினேன். போடவில்லை. தலையங்கம் அருமை என்று மூன்று கடிதங்கள் போட்டிருந்தீர்கள்.

அப்புறம், ரயில்வே ஸ்டேஷனில் விற்றதால் ஸ்டேஷனரி என்று ஒருமுறை வந்ததே! ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் கடை போட்டவன் ஸ்டேஷனர். ரயிலே ஓடாத காலத்துச் சொல் ஐயா அது.

கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு அதே பெட்டியில், அதே எழுத்தளவில், ஒரு வரித் திருத்தம். என் பெயர் வேண்டாம். பேத்தி அந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
பழைய ஸ்டேஷனரிக் கடைக்காரன்,
கும்பகோணம்