அடுத்த சித்திரை வரைதான் கெடு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம்.

"விடும்மா, வெளியே வந்தாச்சுல்ல" என்று போனில் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாய். போனில் உன்னிடம் ஒன்றை முழுசாகச் சொல்ல முடிகிறதா? அதனால்தான் எழுதுகிறேன். கோர்ட் வாசலில் மனு டைப் அடித்து உங்களை வளர்த்தவள் நான். இந்த மாதிரி மனுக்கள் என் கையிலேயே நிறையப் போயிருக்கின்றன.

திருவிழாவுக்கு வந்த உன்னை வேறு எவனோ என்று நினைத்துப் பிடித்துப்போய் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஏன் பிடித்தோம் என்று எழுதித் தரவில்லை, எங்களுக்குத் தகவல் இல்லை, மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தவும் இல்லை. "விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம், கைது இல்லை" என்கிறார்கள். எழுந்து வெளியே போக விடவில்லை என்றால், காகிதத்தில் என்ன இருந்தாலும் அது அடைத்து வைத்ததுதான். மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவே சொல்கிறது.

ஆனால் கைது என்று பதிவு இல்லாததால் நிரூபிக்கும் வேலை நம் தலையில்தான். முன்பெல்லாம் ஆளைப் பிடித்துப்போனால் வீட்டார் ஓடிப்போய்க் கலெக்டருக்கும் ஹைகோர்ட்டுக்கும் தந்தி கொடுப்பார்கள், தேதியும் நேரமும் பதிவாகிவிடும். 2013-இல் தந்தியே நின்றுபோனது. நல்லவேளை, மாமா அன்று ராத்திரியே கமிஷனர் ஆபீசுக்கு ஈமெயில் போட்டார். (ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யமாட்டார் என்று அவரைச் சொன்னவர்கள் இப்போது வாயை மூடட்டும்.) அப்புறம் ஸ்டேஷன் கேமரா. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கேட்டால் ரிப்பேர் என்பார்கள். சரி, அதையும் எழுத்தில் வாங்கி வைப்போம்.

நஷ்டஈட்டை எங்கே கேட்பது? ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளையில் ரிட் போடலாம், அதாவது அடிப்படை உரிமையைப் பறித்தார்கள் என்று நேராக ஹைகோர்ட்டிலேயே போடும் மனு. ஒரு காலத்தில் அரசு மேல் கை வைக்கவே முடியாது. போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஏட்டு ஒருவர் தூக்கிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிய கஸ்தூரிலால் வழக்கிலேயே, 1964-இல், அரசு பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. பீகாரில் விடுதலையான பிறகும் 14 வருஷம் ஜெயிலில் கிடந்த ருதுல் ஷாவுக்கு, ஏற்கெனவே கொடுத்த 5,000 போக இன்னும் 30,000 ரூபாய் கொடுக்க 1983-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னபோதுதான் வழி பிறந்தது. அடிப்படை உரிமையைப் பறித்துவிட்டு அந்தப் பழைய சாக்கைச் சொல்ல முடியாது என்று 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கில் உறுதியானது. நம்ம நாகர்கோவில் நம்பி நாராயணனை, இஸ்ரோ விஞ்ஞானி, பொய்யான உளவு வழக்கில் 1994-இல் கைது செய்தார்கள். 2018-இல்தான் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். சிவில் வழக்கையும் அவர் தொடரலாம் என்றது. அதற்குப் பிறகு கேரள அரசு 1.30 கோடி கொடுத்துச் சமாதானமாகப் போனது.

ரிட்டில் ஒரு சிக்கல் உண்டு. நீ ஸ்டேஷனுக்கு வரவே இல்லை என்று அவர்கள் மறுத்தால், சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடலாம். அங்கே கெடு, உன்னை வெளியே விட்ட நாளிலிருந்து ஒரே வருஷம். ரிட்டையே நம்பி உட்கார்ந்திருந்து அந்த வருஷத்தைத் தொலைத்துவிடக் கூடாது. அரசு மேல் வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்கவும் வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனாலும் கடைசி நிமிஷத்தில் ஓடுவது எனக்குப் பிடிக்காது. மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை ஹைகோர்ட் முழு அமர்வு சொல்லியிருப்பதால் அதையும் லேசாக நினைக்காதே.

வழக்கு இழுக்கும், பெரிய தொகை வராது. எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் இதில் அவ்வளவு இஷ்டமில்லை, ஸ்டேஷனோடு பகை எதற்கு என்கிறார். கேட்காமல் விட்டால் அடுத்த திருவிழாவுக்கு நீ ஊருக்கு வருவாயா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

வக்காலத்து இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, சம்பளம் பிடித்த மாதத்துச் சீட்டையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. விடும்போது வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று வக்கீல் கேட்கிறார். யோசித்து அதையும் எழுது.

அம்மா