ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்) சார்புள்ள கர்ப்பிணிகளின் சிகிச்சையைத் தொடரவும், தாயையும் சேயையும் பிரிக்காதிருக்கவும் ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
செவிலியர், பச்சிளங்குழந்தைப் பிரிவு

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக மெத்தடோன் என்ற மாற்று ஓபியாய்டு மருந்தை மருத்துவச் சிகிச்சையாக எடுத்துவந்த ஒரு தாய்க்கு, பிரசவத்திற்காகச் சேர்க்கப்பட்ட அன்றே, குழந்தையின் நலன் கருதி என்று சொல்லி அம்மருந்து நிறுத்தப்பட்டது. குழந்தை பிறந்ததும் எங்கள் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நாள் இரவு அது வீல்வீலென்று அழுதது. பசியில் கையைச் சப்பியது, ஆனால் புகட்டிய பாலை விழுங்க முடியாமல் கக்கியது. ஓயாமல் உதைத்ததில் குதிகால்கள் விரிப்பில் உராய்ந்து சிவந்திருந்தன. தாயோ இரண்டு அறைகள் தள்ளி விழித்துக் கிடந்தார்.

மருந்தை நிறுத்தியவர்களின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் அப்படித் திடீரென நிறுத்தும்போது தாய் விலகல் வேதனைக்கு (பழகிய மருந்து நின்றதும் உடல் படும் அவதிக்கு) ஆளாவதுடன், மீண்டும் பழைய போதைக்கே திரும்பி, அளவு மீறி உயிரிழக்கும் அபாயமும் கூடுகிறது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், கர்ப்ப காலத்தில் மருந்தை முற்றிலும் கைவிடச் செய்ய முயல்வதைவிட மெத்தடோன் அல்லது அதைப் போன்ற மாற்று மருந்தான பியூப்ரினார்பின் சிகிச்சையைத் தொடர்வதையே பரிந்துரைக்கின்றன. கடைசி மாதங்களில் உடல் மெத்தடோனை விரைவாக வெளியேற்றுவதால் அதன் அளவைக் கூட்டவோ இருவேளையாகப் பிரிக்கவோ நேரிடும். அதைக் கேட்கும் தாயைப் போதைக்கு அலைபவராகப் பார்ப்பது (எங்களிடமும் அந்தப் பார்வை உண்டு) தவறு.

சிகிச்சை தொடர்ந்தாலும், கருவில் தாய் வழியே கிடைத்த மருந்து பிறந்ததும் நின்றுவிடுவதால், குழந்தைக்கு விலகல் அறிகுறிகள் வரக்கூடும். ஆனால் அவை முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்கவை, குணப்படுத்தத்தக்கவை. அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குழந்தை பால் குடிக்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அமைதியாகிறதா என்பதை வைத்தே முடிவெடுத்து, அணைப்பையும் அமைதியான சூழலையும் முதல் சிகிச்சையாக்கியபோது, குழந்தை வீடு திரும்பத் தகுதிபெற சராசரியாக 8.2 நாள்களே ஆயின. வழக்கமான முறையில் 14.9 நாள்கள் ஆயின.

ஆகவே, சிகிச்சையளிக்கும் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் பிரசவ வார்டில் இம்மருந்துகளை நிறுத்தக் கூடாது என்றும், தாய் இச்சிகிச்சையில் இருக்கிறார் என்பதை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கவோ தாய்ப்பாலைத் தடுக்கவோ கூடாது என்றும், அறிகுறிகள் தாமதமாகத் தோன்றலாம் என்பதால் மெத்தடோன் எடுத்த தாயின் குழந்தையைக் குறைந்தது ஐந்து நாள்களாவது தாயுடனேயே வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றும் அனைத்து மகப்பேறு மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இத்தகைய தாய்க்குப் பிறந்த குழந்தை மூச்சுவிடத் திணறும்போது ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் மருந்தைச் செலுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்