கூட்டாய்வு என்றால் கேள்வியையும் சேர்ந்தே எழுதுவோம்

கலைஞர் ரெசிடென்சிகளின் எதிர்காலம் பற்றிக் கூட்டாய்வு செய்யப்போகும் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மின்னஞ்சல் வந்தது. கலைஞர்கள் சில காலம் ஓரிடத்தில் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிகள் பற்றி ஒரு மணி நேரம் சூமில் கதைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் கதைப்பேன். ஆனால் கூட்டாய்வு என்று தலைப்புப் போட்டுவிட்டு இருபத்திரண்டு கேள்விகளையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், எங்கள் பங்கு பதில் சொல்வது மட்டும்தான் என்று தெரிகிறது. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு குழுவும் இப்படித்தான் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் இரண்டு மணி நேரம் இருந்து தமிழில் எல்லாம் சொன்னேன், போனில் பதிந்துகொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். நான் சொன்னது இரண்டு வரியாகச் சுருங்கிக் கிடந்தது. மொழிபெயர்க்க வந்திருந்த தம்பிக்கு பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு ரெசிடென்சிக்குப் போய் வந்தவர்கள். போகாதவர்களை யார் கேட்பது? வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து என் வீட்டு மேசையில் விண்ணப்பம் நிரப்பிய ஒரு தங்கச்சியைச் சொல்கிறேன். அம்மாவின் பழைய சேலைத் துணியில் தங்கள் காணியைத் தைக்கிறாள். துணியை மேசையில் விரித்து, இது கிணற்றடி, இது மாமரம் நின்ற இடம், இந்தச் சிவப்பு நூல் இப்போது போக முடியாத வேலி என்று ஒவ்வொரு தையலாகத் தொட்டுக் காட்டி அரை மணி நேரம் சொன்னாள். உங்கள் கலைச் செயற்பாட்டை 300 சொற்களில் ஆங்கிலத்தில் எழுதுக என்ற பெட்டி வந்ததும் பேச்சே இல்லை. சரி, நான் எழுதித் தருகிறேன் என்று எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா இதில நான் இல்லையே” என்றாள். அனுப்பாமலே ஊருக்குப் போய்விட்டாள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நிராகரிக்கப்பட்டார்கள் என்று நீங்கள் எடுக்கும் எந்தக் கணக்கிலும் அவள் வரமாட்டாள்.

1907 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய மக்டவல் என்ற ரெசிடென்சியில் ஒரு வழக்கம் உண்டு. கலைஞர் வேலை செய்யும் குடிலின் வாசலில் மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். ரெசிடென்சி என்றதும் எனக்கு அந்தக் கூடைதான் நினைவுக்கு வரும். இங்கே எனக்குத் தெரிந்த பெண் கலைஞர்கள் பலர் சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பத்து மணிக்குப் பிறகுதான் தூரிகையைத் தொடுகிறார்கள். மூன்று மாதம் பெர்லினில் தங்க அழைப்பு வந்தாலும் அவர்களால் போக முடியாது. கொழும்புக்குள்ளேயே கொட்டாஞ்சேனையிலோ பொரளையிலோ ஓர் அறை, பகல் சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஆறு வாரம், பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாம். இதுவும் ரெசிடென்சிதானா என்ற கேள்வி உங்கள் இருபத்திரண்டில் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூட கரண்ட் போன காலத்தில், நாங்கள் ஐந்து பேர் ஒரு சிநேகிதியின் மொட்டை மாடியில் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து வேலை செய்தோம். காஸ் ஒரு வீட்டில்தான் இருந்தது, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டோம். அந்த இரண்டு மாதத்தில் செய்த அளவு வேலையை நான் வெளிநாட்டு ஸ்டூடியோ எதிலும் செய்ததில்லை. தெற்காசியாவில் இப்படிச் சேர்வது புதிதும் இல்லை: 1997 இல் டெல்லியில் கோஜ், 2000 இல் கொழும்பிலேயே தீர்த்த, 2002 இல் டாக்காவில் பிரித்தோ, எல்லாம் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்புகள். பணம் நின்றபோது எப்படித் தாக்குப்பிடித்தார்கள், எதைக் கைவிட்டார்கள் என்று அவர்களிடம் முதலில் கேளுங்கள். எதிர்காலம் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

ஆகவே இப்போதைக்கு அந்தக் கேள்வித்தாளை ஒரு பக்கம் வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எங்களோடு இருந்து புதிதாக எழுதுவோம். உங்கள் ஆய்வாளருக்கு மணிக்கு எவ்வளவோ அதே அளவை எங்கள் நேரத்துக்கும் போடுங்கள், அச்சுக்குப் போகும் முன் தமிழ்ப் பிரதி எங்கள் கைக்கு வரட்டும், அதில் எங்கள் பெயரும் இருக்கட்டும்.

சூம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கே வாருங்கள், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு. திகதியைச் சொன்னால் வவுனியாத் தங்கச்சி துணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பஸ் காசையும் ஒரு நாள் சம்பளத்தையும் மறக்காமல் பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஓவியர்